டாக்டர் அம்மா எழுதாத வரி

2016ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு முற்பகல், தஞ்சாவூர் மாவட்டத்தில் சிறிய மருத்துவமனை நடத்திவரும் ஒரு பெண் மருத்துவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் தமிழில் எழுதும் மருத்துவக் கட்டுரைகளுக்கான இணையதளத்தை அப்போது மூன்றாண்டுகளாக நான் பராமரித்து வந்தேன். நீரிழிவு, மாதவிடாய் நிற்கும் காலம், கருக்கலைப்பு, தடுப்பூசி என்று ஏறத்தாழ நூற்றைம்பது பக்கங்கள் இருந்தன. விளம்பரம் ஒன்றுகூடக் கிடையாது. அது முதல் நாளிலேயே அவர் விதித்த நிபந்தனை. “தம்பி, சர்க்கரை நோய்ப் பக்கத்துல நாற்பது நாள்ல சர்க்கரையை அடியோட போக்குற லேகியம்னு விளம்பரம் வருது. என்கிட்ட வர்ற ஒரு அம்மா மாத்திரையை நிறுத்திட்டு அதை வாங்கிச் சாப்பிட்டு, இப்ப முந்நூற்றைம்பது சர்க்கரையோட வந்து உட்கார்ந்திருக்காங்க. நீங்க போட்டீங்களா?” என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகமாக இருந்தது.

நான் போடவில்லை. ஆனால் அதை உடனே சொல்லிவிட மனம் வரவில்லை. தளத்தின் கோப்புகள் இருக்கும் என் வழங்கிக்குள் (சர்வர்) எவரேனும் புகுந்திருந்தால் அதற்கும் நான்தான் பொறுப்பு. முதலில் வீட்டிலிருந்த தரைவழி இணைப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன், லேகியத்தைக் காணோம். வழங்கியில் இருந்த கோப்பைப் பார்த்தேன். ஆறு மாதமாக யாரும் தொட்ட அடையாளம் இல்லை. பிறகு எதிர்வீட்டுப் பையனிடம் கைபேசியைக் கேட்டு வாங்கி, அதன் இணைப்பில் என் மடிக்கணினியைச் சேர்த்து அதே பக்கத்தைத் திறந்தபோது, ‘மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது’ என்ற வாக்கியத்துக்கு நேர்கீழே பச்சை நிறத்தில் லேகியம் வந்து நின்றது. பக்கத்தின் மூலநிரலைத் திறந்து கடைசிவரை பார்த்தேன். முடிவுக்குச் சற்று மேலே, நான் எழுதாத ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரி இருந்தது. அது எங்கிருந்து விளம்பரத்தை எடுக்கிறது என்று பார்த்தால் அந்த முகவரிக்குப் பெயர்கூட இல்லை, வெறும் எண்கள். வழங்கியிலிருந்து புறப்பட்ட கோப்பின் அளவு 38,412 பைட். என் திரைக்கு வந்து சேர்ந்தது 38,655 பைட். நடுவழியில் 243 பைட் ஏறியிருந்தது.

செய்தித்தாளுக்குள் துணிக்கடைத் துண்டறிக்கைகளை மடித்துவைத்துக் கொடுப்பது நமக்குப் பழக்கமானதுதான். உதறினால் கீழே விழுந்துவிடும், பத்திரிகைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். இங்கே நடந்தது அதுவல்ல. பத்திரிகையைக் கொண்டுவருகிறவர் வழியில் நிறுத்தி, தலையங்கத்தின் நடுவே தமக்குப் பணம் தந்தவரின் வாசகத்தை அதே எழுத்தில் அச்சிட்டு, ஆசிரியரின் பெயரை அப்படியே விட்டுவைத்துக் கொடுத்ததற்குச் சமமானது. அந்த நோயாளி டாக்டர் அம்மாவின் பெயரைப் பார்த்துத்தான் அந்த லேகியத்தை வாங்கினார்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்றால், எங்கள் தளம் அப்போது, பக்கங்களை வாசகருக்குக் கொண்டுசேர்க்கும் பூட்டில்லாத பழைய முறையான எச்டிடிபியில் இயங்கியது. அந்த முறையில், வாசகரின் கைபேசியிலிருந்து கோபுரம், நிறுவனத்தின் உள்வலையமைப்பு, இடையிலுள்ள எண்ணற்ற திசைவிகள் (ரவுட்டர்கள்) என ஒவ்வொரு படியிலும் பக்கம் திறந்த நிலையிலேயே பயணம் செய்கிறது. வழியில் இருக்கும் எந்தக் கருவியும் அதைப் படிக்கலாம், திருத்தலாம்; திருத்தியது வாசகருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. எங்களுக்கு நேர்ந்தது அரிதான விபத்தும் அல்ல. அதற்கு ஓராண்டு முன்பு, 2015 ஜூனில், பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிரலாளர் தம் கைபேசியின் 3ஜி இணைப்பில் தம் சொந்தத் தளத்துக்குள் அந்நிய நிரல் ஒன்று செருகப்படுவதைக் கண்டு, அதன் ஆதாரத்தை, நிரலாளர்கள் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெளியிட்டார். அந்த நிரலை எழுதிய இஸ்ரேலிய நிறுவனத்தின் தரப்பிலிருந்து அவருக்கு வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது. அமெரிக்காவில் வெரைசன் நிறுவனம் தன் கைபேசி வாடிக்கையாளர்கள் திறக்கும் மறையாக்கமில்லாத, அதாவது இடையில் இருப்பவரும் படிக்கக்கூடிய வடிவில் செல்லும், பக்கங்களுக்கான கோரிக்கைகளில் அழிக்க முடியாத அடையாள எண் ஒன்றைச் சேர்த்து அனுப்பிவந்தது 2014இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2016 மார்ச்சில் 13.5 லட்சம் டாலர் கட்டி அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டது.

அன்றிரவே, இது அந்தத் தளம்தான் என்று உலாவிக்கு (பிரவுசருக்கு) உறுதி சொல்லும் சான்றிதழ் ஒன்றை வாங்கி, தளத்தை எச்டிடிபியின் மறையாக்கப்பட்ட வடிவமான எச்டிடிபிஎஸுக்கு மாற்றினேன். மறுநாள் எதிர்வீட்டுக் கைபேசியில் லேகியம் இல்லை. அதைச் செருகியவரின் மனசாட்சி விழித்துக்கொண்டு நிறுத்தவில்லை. செருக வழியில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். மறையாக்கப்பட்ட இணைப்பில் நடுவே ஒரு பைட் மாறினாலும் உலாவி அதைக் கண்டுபிடித்து ஏற்க மறுத்துவிடும்.

அன்று முதல் இன்றுவரை, பொதுமக்கள் படிக்கும் எந்தத் தளமும் மறையாக்கப்பட்ட இணைப்பில்தான் இயல்பாகத் திறக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் வாதாடி வருகிறேன். எனக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: “எங்கள் தளத்தில் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாம் ஊரறிய வெளியிட்டதுதானே.” பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தினர், கோயில் திருவிழா அறிவிப்புத் தளம் நடத்துபவர், பழைய இலக்கிய இதழ்களைத் தட்டச்சு செய்து வெளியிடும் அன்பர் எனப் பலரும் இதைச் சொல்லிவிட்டார்கள். பூட்டு என்றால் ரகசியத்துக்கு என்று நம் மனத்தில் பதிந்துவிட்டதால் எழும் கேள்வி இது. மறையாக்கம் என்ற சொல்லே ஒருவகையில் தவறான எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்த இணைப்பு மூன்று வேலைகளைச் செய்கிறது: பேசுவது யார் என்று உறுதி செய்கிறது, சொன்னது மாறாமல் வந்து சேர்வதைக் காக்கிறது, இடையில் இருப்பவருக்குக் கேட்காமல் மறைக்கிறது. ஊரறிய வெளியிட்ட பக்கத்துக்கு மூன்றாவது தேவையில்லை என்றே வைத்துக்கொண்டாலும் முதல் இரண்டும் இல்லாமல் அது எழுதியவரின் பக்கமாகவே இருக்காது. திருக்குறளை வெளியிடும் தளத்திலும் ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் வாசகர் படிப்பது திருக்குறளாக இருக்க வேண்டுமல்லவா?

திறந்த பக்கத்தால் வரும் கேடு அந்தத் தளத்தோடு நின்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. 2015 மார்ச்சில் கிட்ஹப் தளத்தின் மீது பெரும் தாக்குதல் ஒன்று நடந்தது. தாக்கியவர்கள் எவர் கணினிக்குள்ளும் புகவில்லை. சீனாவின் தேடுபொறி நிறுவனமான பைடுவின் நிரல்துண்டுகளைத் தாங்கிய சாதாரணப் பக்கங்களைத் திறந்த வாசகர்களுக்கு, அந்த நிரல்துண்டு மறையாக்கமில்லாமல் வரும் வழியில் வேறொன்றாக மாற்றிக் கொடுக்கப்பட்டது. அவர்களுடைய உலாவிகள் அவர்களுக்கே தெரியாமல் கிட்ஹப்பை மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டிருந்தன. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான கருவிக்குப் ‘பெரும் பீரங்கி’ என்று பெயரிட்டார்கள். ரகசியம் ஏதுமில்லாத ஒரு பக்கம் அதன் வாசகரையே ஆயுதமாக்கிவிட்டது.

மூன்றாவது வேலையான மறைத்தலையும் நான் அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். கட்டுரை பொதுவானது, அதை இன்னார் இந்த இரவில் படித்தார் என்ற செய்தி பொதுவானதல்ல. டாக்டர் அம்மாவின் தளத்தில் அதிகம் படிக்கப்படும் பக்கம் கருக்கலைப்பைப் பற்றியது. அதற்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் நள்ளிரவுக்கும் இரண்டு மணிக்கும் இடையில் வருகிறார்கள் என்பதைப் பதிவேட்டில் பார்த்தபோது, அந்தப் பதிவேட்டை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன். மகளிர் விடுதியின் பொது வைஃபையிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறக்கும் பெண், அந்த வைஃபையை நடத்துபவருக்கும் தன் கேள்வியைச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. எச்டிடிபிஎஸில் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரியும் என்பது உண்மைதான். எந்தப் பக்கம், என்ன தேடினார், படிவத்தில் என்ன எழுதினார் என்பவை தெரியா. நூற்றைம்பது பக்கங்களில் ஒன்று என்ற மறைவே அவளுக்குப் பெரிய மறைவு.

இந்த வாதத்தை ஓர் அரசு முழுமையாக ஏற்று ஆணையாகப் பிறப்பித்ததும் உண்டு. 2015 ஜூன் 8 அன்று அமெரிக்க வெள்ளை மாளிகையின் மேலாண்மை, வரவு செலவு அலுவலகம், பொதுமக்கள் பார்க்கும் கூட்டாட்சித் தளங்கள் அனைத்தும் 2016 இறுதிக்குள் எச்டிடிபிஎஸில் மட்டுமே இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதில் என்னைக் கவர்ந்தது கெடு அல்ல, அதன் அடிப்படை. எந்தப் பக்கம் முக்கியமானது, எது சாதாரணமானது என்று ஒவ்வொரு துறையும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. குடிமகன் எதைப் படித்தாலும் அது அவருடைய தனிப்பட்ட விஷயம் என்று கொள்ள வேண்டும் என்பதே அந்த அடிப்படை. அதே வாரத்தில், ஜூன் 12 அன்று, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையும் தன் தளங்கள் அனைத்தையும் எச்டிடிபிஎஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது.

‘உள்நுழையும் பக்கத்தையும் பணம் கட்டும் பக்கத்தையும் மட்டும் பூட்டினால் போதாதா’ என்பவர்களுக்கும் பதில் பழையது. 2009இல் மாக்சி மார்லின்ஸ்பைக் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப் என்ற கருவியை மேடையில் இயக்கிக் காட்டினார். வங்கியின் முகப்புப் பக்கம் திறந்த நிலையில் வருகிறது; அதிலுள்ள உள்நுழைவு இணைப்பு பூட்டிய பக்கத்துக்குப் போகிறது. நடுவில் இருப்பவர் அந்தப் பூட்டை உடைக்க முயல்வதே இல்லை. திறந்து வரும் முகப்பிலேயே அந்த இணைப்பை எச்டிடிபியாக மாற்றிவிடுகிறார். வாசகர் பூட்டில்லாத பக்கத்தில் கடவுச்சொல்லை இடுகிறார். அறைக்குப் பூட்டும் வாசலுக்குத் திறப்புமாக இருக்கும் வீட்டில், அறைக்கு வழி காட்டும் பலகையைத் திருடனே எழுதிவிடலாம். இதற்காகத்தான், இந்தத் தளத்தை இனி எப்போதும் எச்டிடிபிஎஸில் மட்டுமே திற என்று உலாவிக்குச் சொல்லிவைக்கும் எச்எஸ்டிஎஸ் என்ற ஏற்பாடு 2012இல் தரநிலையாக வந்தது.

செலவைப் பற்றிய பயம் ஒரு காலத்தில் நியாயமானதாக இருந்தது. ஆனால் 2010 ஜனவரியில் ஜிமெயில் முழுவதையும் எச்டிடிபிஎஸுக்கு மாற்றிய கூகுளின் பொறியாளர்கள், அதற்கெனத் தனிக் கணினிகள் எதுவும் வாங்கவில்லை என்றும் கணினியின் மையச் செயலியின் (சிபியு) உழைப்பில் அதற்கு 1 சதவீதத்துக்கும் குறைவாகவே செலவாகிறது என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள். உண்மையான தடை சான்றிதழின் விலையும் அதை நிறுவும் சிக்கலும்தான். என் வாடிக்கையாளர்களிடம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கேட்கும்போது அவர்கள் முகம் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பர் 3 அன்று, இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதும் விலை சுழியமாயிற்று. தொண்ணூறு நாள் செல்லும் சான்றிதழை ஒரு நிரல் தானே கேட்டுப் பெற்று, தானே நிறுவி, தானே புதுப்பிக்கும்.

தானே புதுப்பிக்கும் என்று எழுதும்போது எனக்கு 2017 தை மாதம் நினைவுக்கு வருகிறது. வழங்கியை வேறு கணினிக்கு மாற்றியபோது புதுப்பிக்கும் நிரலை அங்கே இயக்க நான் மறந்துவிட்டேன். எச்சரிக்கை மின்னஞ்சல்கள் நான் திறந்தே பார்க்காத பழைய முகவரிக்குப் போயிருக்கின்றன. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த நான்கு நாட்களும் டாக்டர் அம்மாவின் தளத்தைத் திறந்தவர்களுக்குச் சிவப்பு எச்சரிக்கைதான் தெரிந்தது. ‘உங்கள் தகவல்களைத் திருட முயலலாம்’ என்ற சொற்களைப் பார்த்த பிறகு எந்த நோயாளி உள்ளே வருவார்? அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அதன் விலையை வாசகர்கள் கொடுத்தார்கள். ஆகவே மறையாக்கம் செலவில்லாதது என்று நான் சொல்வதில்லை. பணச் செலவு போய்ப் பராமரிப்புச் செலவாக மாறியிருக்கிறது, அதைத் தளம் நடத்துபவர் ஏற்றே ஆக வேண்டும். சான்றிதழின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029இல் 47 நாளாக்குவது என்று 2025 ஏப்ரலில் உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் முடிவு செய்துவிட்டதால், கையால் புதுப்பித்துக் காலந்தள்ள இனி யாராலும் முடியாது.

எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் குரல்களும் உண்டு. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே, முகவரிகளின் தொடக்கத்தில் உள்ள எச்டிடிபியை எச்டிடிபிஎஸாக மாற்றுவதால் உலகெங்கும் உள்ள இணைப்புகள் அறுந்துபோகும் என்று 2015இல் கவலைப்பட்டார். அந்தக் கவலைக்குத் தீர்வு எளிது. பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடுவதும், பழைய பக்கத்துக்குள் இருக்கும் படங்களை எச்டிடிபிஎஸில் எடுக்கச் சொல்வதும் இரண்டு வரி வேலை. ஆனால் வலைவடிவமைப்பாளர் எரிக் மேயர் 2018இல் எழுதியது என்னைப் பலநாள் யோசிக்க வைத்தது. உகாண்டாவின் கிராமப்புறப் பள்ளியொன்றில் இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தான் வருகிறது. மிக மெதுவானது, அளவும் குறைவு. முன்பெல்லாம் பள்ளியிலேயே ஒரு கணினி, ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்துவைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும். எச்டிடிபிஎஸ் வந்ததும் அந்த இடைக்கணினியால் எதையும் படிக்கவோ சேமிக்கவோ முடியவில்லை. விக்கிப்பீடியாவின் ஒரே கட்டுரையை நாற்பது மாணவர்கள் நாற்பது முறை வானத்திலிருந்து இறக்க வேண்டும். லேகியத்தைத் தடுத்த அதே பண்புதான் அங்கே உதவியையும் தடுக்கிறது. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. பூட்டை எடுப்பது விடையாகாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன், ஏனெனில் உதவும் இடைக்கணினிக்கும் ஏமாற்றும் இடைக்கணினிக்கும் வேறுபாடு காண எச்டிடிபிக்குத் தெரியாது. விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் போன்ற ஏற்பாடுகளே அந்தப் பள்ளிக்கு நேர்மையான வழி என்று நினைக்கிறேன். டாக்டர் அம்மாவின் கட்டுரைகளையும் ஒரே பிடிஎஃப் கோப்பாகத் தொகுத்து வெளியிட்டதற்கு மேயரின் அந்தப் பதிவே காரணம்.

துருக்கியையும் சொல்ல வேண்டும். எச்டிடிபிஎஸில் தனியொரு கட்டுரையை மட்டும் தடுக்க முடியாத நிலையில், அந்த அரசு 2017 ஏப்ரல் 29 அன்று விக்கிப்பீடியா முழுவதையும் தடுத்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட்ட பின் 2020 ஜனவரி 15 அன்றுதான் மீண்டும் திறந்தது. ஓரிரு கட்டுரைகளுக்காக எல்லாக் கட்டுரைகளையும் இழப்பது பெரிய விலைதான். ஆனால் அந்தத் தடை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, நீதிமன்றத்துக்குப் போனது. ஓசையின்றி ஒரு பக்கம் மட்டும் காணாமல் போயிருந்தால் யார் வழக்குத் தொடுத்திருப்பார்கள்?

சான்றிதழ் தருபவரே தவறினால் என்ன செய்வது என்ற கேள்வியும் வெறும் கற்பனை இல்லை. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்து, ஈரானில் உள்ளவர்களின் ஜிமெயிலை ஒட்டுக்கேட்கப் பயன்படுத்தினார்கள். 2014 ஜூலையில் நம் நாட்டின் தேசிய தகவல் மையத்தின் சான்றிதழ்ப் பிரிவிலிருந்தும் கூகுள் முகவரிகளுக்கு அங்கீகாரமற்ற சான்றிதழ்கள் வெளியாகியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று, தரப்படும் ஒவ்வொரு சான்றிதழும் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாததை 2018 முதல் குரோம் ஏற்பதில்லை. என் தளங்களின் பெயரில் யாரேனும் சான்றிதழ் வாங்கினால் எனக்கு ஒரு மணி நேரத்துக்குள் மின்னஞ்சல் வருகிறது. பூட்டுக்குறி இருந்தால் தளம் நல்லது என்று நம்பிப் போலி வங்கித் தளங்களில் ஏமாந்தவர்களும் உண்டு. அந்தக் குறியைக் குரோம் 2023இல் எடுத்துவிட்டது சரியான முடிவு. கடிதம் பிரிக்கப்படாமல் வந்தது என்று சொல்வதோடு மறையாக்கத்தின் வேலை முடிந்துவிடுகிறது. எழுதியவர் யோக்கியரா என்பது வேறு கேள்வி.

எனக்குத் தனிப்பட்ட முறையில் அதிக வேலை வைத்தவை பழைய கைபேசிகள். லெட்ஸ் என்கிரிப்டின் சொந்த மூலச் சான்றிதழை, அதாவது அது தரும் சான்றிதழ்களை நம்பலாமா என்று கைபேசி சரிபார்க்கும் அடிப்படைச் சான்றிதழை, ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய கைபேசிகள் அறியா. வேறொரு நிறுவனத்தின் கையொப்பத்தைக் கடன் வாங்கி அவற்றில் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு 2024இல் முடிவுக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு நான் இதைச் சொன்னபோது டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, “பேரன் பழைய போனைக் கொடுத்துட்டுப் போயிருப்பான், அதை வச்சுப் படிக்கிற பாட்டிகளுக்கு என்ன வழி?” என்பது. எச்டிடிபியில் ஒரு வாசலை அவர்களுக்காகத் திறந்துவைக்கலாமா என்று நானும் யோசித்தேன். ஆனால் லேகியம் தேடி வருவது அவர்களைத்தான். ஃபயர்பாக்ஸ் உலாவி மூலச் சான்றிதழ்களின் பட்டியலைத் தன்னோடு எடுத்துவருவதால், பழைய ஆண்ட்ராய்டிலும் தளம் அதில் திறந்தது. மருத்துவமனையில் சீட்டு எழுதும் பெண்ணுக்கு அதை நிறுவக் கற்றுக்கொடுத்தேன். காத்திருப்போர் கூடத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ‘எங்கள் கட்டுரைகள் உங்கள் போனில் திறக்கவில்லையா? வரவேற்பில் கேளுங்கள்.’ முதல் மாதத்தில் பதினொரு பேர் கேட்டார்களாம். இப்போது மாதத்துக்கு ஒருவரோ இருவரோ வருகிறார்கள். 2014இல் வாங்கிய ஒரு கைபேசியை இதற்காகவே மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்; வழங்கியில் எதை மாற்றினாலும் நீரிழிவுப் பக்கத்தை முதலில் அதில் திறந்து, கடைசி வரிவரை பார்த்துவிட்டுத்தான் எழுகிறேன்.